கரையில் கிடைத்ததிலிருந்து அறிக்கை வரை: ராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கு ஒரு தடய அறிவியல் வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய ஒரு கொலை வழக்கில், குடும்பம் மாதக்கணக்கில் காத்திருந்த ஆய்வக அறிக்கை கடைசியில் வந்து சேர்ந்தது. முக்கியமான சட்டையைப் பற்றி அதில் ஒரே வரி: துணி அழுகிப் பூஞ்சை பிடித்திருந்ததால் ரத்தப் பிரிவைக் கண்டறிய இயலவில்லை. இறந்தவரின் அக்கா அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, “ரத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சே தம்பி, எல்லாரும் பார்த்தோமே” என்றார். எல்லோரும் பார்த்தது உண்மைதான். ஆனால் கரையில் எடுத்த அந்தச் சட்டையை ஈரம் காயாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, ஒரு வாரத்துக்கு மேல் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் பையைப் பிரித்தபோது மிச்சம் இருந்தது பூஞ்சைதான்.

ராமநாதபுரம் நீதிமன்றத்தில் நான் வழக்கறிஞர். தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை, இந்தப் பக்கம் மூக்கையூர் வரை, கடற்கரை ஊர்களில் நடந்த வழக்குகள்தான் என்னிடம் அதிகம் வரும். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. ஆய்வகத்தில் தோற்கும் வழக்குகளில் பெரும்பாலானவை ஆய்வகத்துக்குப் போகும் முன்பே தோற்றவை. உப்புக்காற்று, வெயில், அலை, கூட்டம், அவசரம் எல்லாம் சேர்ந்து முதல் சில மணி நேரத்திலேயே பாதியைக் கரைத்துவிடுகின்றன. அதனால் இந்த வழிகாட்டியை ஆய்வகத்திலிருந்து தொடங்காமல் மணலிலிருந்து தொடங்குகிறேன். மீனவர்கள், ஊர்த் தலைவர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள், புதிதாகத் தொழிலுக்கு வந்த வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில், யார் எந்த வேலையைச் செய்கிறார்கள்

தடய அறிவியல் ஆய்வகம் காவல் துறையின் ஒரு அறை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை தனித் துறை. தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. இதன் வேர் 1849-ல் மெட்ராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். இந்தியாவிலேயே முதலாவது அதுதான். வட்டார ஆய்வகங்கள் பல ஊர்களில் உண்டு, நம் ராமநாதபுரமும் அதில் ஒன்று. மாவட்ட அளவில் சம்பவ இடத்துக்கு வரும் நடமாடும் பிரிவும் உண்டு. எல்லா வட்டார ஆய்வகத்திலும் எல்லாப் பிரிவும் கிடையாது. டி.என்.ஏ. போன்ற சோதனைகளுக்குப் பொருள் பெரிய ஆய்வகத்துக்குப் போகும். “ராம்நாட்லயே கொடுத்தோமே, ஏன் இன்னும் வரல?” என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இதுதான்.

விரல்ரேகை எடுப்பவர்கள் வேறு; அவர்கள் காவல் துறையின் விரல்ரேகைப் பிரிவு. உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது, ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஸிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள். மோப்ப நாயும் காவல் துறையுடையது. பிரேதப் பரிசோதனை செய்பவர் அரசு மருத்துவர். கடல் அட்டையோ கடல் குதிரையோ பிடிபட்டால் வனத்துறை உள்ளே வரும். தங்கம் என்றால் சுங்கத்துறை. ஒரே சம்பவத்தில் இவர்களில் நான்கு பேர் கரையில் நிற்கலாம். யாரிடம் எதைக் கேட்பது என்று குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால் அலைச்சல் குறையும்.

படி 1: கரையில் முதல் ஒரு மணி நேரம்

ஒரு உடல் கரை ஒதுங்கியிருக்கிறது, அல்லது ஆள் இல்லாத பைபர் படகு ஒன்று சீமைக்கருவேலங்காட்டு ஓரம் கிடக்கிறது. முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் விடியற்காலையில் வலை இழுக்கப் போகும் மீனவர்தான். அவர் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: காவல் நிலையத்துக்கோ கடலோரக் காவல் படைக்கோ தகவல் சொல்வது, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது, பார்த்த நேரத்தை மனதில் வைத்துக்கொள்வது.

உடலை அலை இழுத்துக்கொண்டு போய்விடும் நிலைமை என்றால் மேலே இழுத்துப் போடத்தான் வேண்டும், அதில் தவறில்லை. அதற்கு முன் போனில் இரண்டு படம் எடுங்கள், ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்திலிருந்து. அந்தப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குடும்பத்துக்கு அது எத்தனை கொடுமை என்பது ஒருபுறம், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரும் சாட்சியின் ஞாபகமும் கலங்கிவிடும். முகத்தைக் கழுவுவது, சட்டைப்பையைத் துழாவுவது, கயிற்று முடிச்சை அவிழ்ப்பது எல்லாம் வேண்டாம். முடிச்சு ஒரு தடயம். கடல்காரன் போடும் முடிச்சுக்கும் கரைக்காரன் போடும் முடிச்சுக்கும் வித்தியாசம் நம் ஊர்ச் சிறுவனுக்கே தெரியும். அதனால் கயிற்றை வெட்ட வேண்டி வந்தாலும் முடிச்சை விட்டுத் தள்ளி வெட்ட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டம்) 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும், அதைக் காணொளியாகவும் பதிய வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. அந்த அவகாசம் முடியட்டும் என்று குடும்பம் காத்திருக்கத் தேவையில்லை. “நடமாடும் தடயப் பிரிவைக் கூப்பிட்டிருக்கிறீர்களா ஐயா?” என்று விசாரணை அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்கலாம். கேட்டதைத் தேதி போட்டு எழுதியும் கொடுக்கலாம்.

தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனை மாதிரி இடத்தில் காற்று மணலை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். உலர்ந்த மணலில் காலடித் தடம் நிமிடக் கணக்கில் அழியும். ஈர மணலில் கொஞ்ச நேரம் நிற்கும். தடத்தின் மேல் ஒரு கூடையோ தார்ப்பாயோ கவிழ்த்து வைத்தால், நிபுணர் வந்து அச்சு எடுக்கும் வரை தாங்கும். வாடைக்காலத்தில் இதை மறக்கவே கூடாது.

படி 2: எடுப்பதும் பொதிவதும்

இந்தப் படியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். என் மேசைக்கு வந்த அந்தச் சட்டை இங்கேதான் பாழானது.

ரத்தம் தோய்ந்த துணியை நிழலில், காற்றோட்டமான அறையில், அடியில் சுத்தமான தாள் விரித்து உலர்த்த வேண்டும். வெயிலில் போடக் கூடாது, சூடும் ஒளியும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். உலர்ந்த பிறகு காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் வெளியேற வழியில்லை. நம் கடற்கரையில் காற்றே ஈரம் என்பதால் இங்கே துணி காய மதுரையை விட நேரம் எடுக்கும், அதற்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு துணிக்கும் தனி உறை. இறந்தவரின் லுங்கியையும் சந்தேகப்படும் ஆளின் சட்டையையும் ஒரே பையில் திணித்தால், பிறகு எது எதிலிருந்து ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அதைத்தான். நானும் எதிர்த்தரப்பில் நின்றபோது கேட்டிருக்கிறேன்.

ரத்தக்கறை படிந்த மண்ணை எடுக்கும்போது பக்கத்திலிருந்து கறை இல்லாத மாதிரி மண்ணும் எடுப்பார்கள், மகஜரில், அதாவது கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில், இரண்டும் எழுதியிருக்கும். சோதனையில் தெரிவது ரத்தத்தினால்தானா, மண்ணிலேயே இருக்கும் ஏதாவதினாலா என்று பிரித்துச் சொல்ல அந்த மாதிரி மண் தேவை. படகுப் பலகையில் கறை இருந்தால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுத்துணியால் ஒற்றி எடுத்து, அதையும் உலர்த்த வேண்டும். படகில் இருக்கும் குடிநீர்க் கேனிலிருந்து ஊற்றி நனைக்கக் கூடாது.

உடல் என்றால் பொதிவது மருத்துவரின் வேலை. விஷச் சந்தேகம் இருந்தால் இரைப்பையும் அதில் உள்ளதும், சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகங்கள், ரத்தம் ஆகியவற்றைத் தனித்தனிப் புட்டியில் எடுப்பார்கள். உள்ளுறுப்புகளைக் கெடாமல் காப்பது நிறைவுற்ற உப்புக் கரைசல், அதாவது இனி உப்பு கரையாது என்ற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீர். வாலிநோக்கம் உப்பளத்து மக்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ரத்தத்தில் சோடியம் புளோரைடு சேர்ப்பார்கள். அந்த உப்புக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக அனுப்புவார்கள், விஷம் கரைசல் வழியாக வரவில்லை என்று காட்ட. டி.என்.ஏ.வுக்குப் போகும் எலும்பையோ திசுவையோ பார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடக் கூடாது, போட்டால் டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு.

பாலியல் குற்றங்களில் ஒரு விஷயம். பாதிக்கப்பட்டவர் குளிப்பதற்கு முன், உடுத்திய துணியைத் துவைப்பதற்கு முன் மருத்துவமனைக்குப் போவது நல்லது. துணியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போகலாம். எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும், தனியார் மருத்துவமனையும்கூட. துவைத்துவிட்டோமே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். துவைத்த துணியிலும் தடயம் மிஞ்சுவது உண்டு.

படி 3: முத்திரை, கடிதம், பயணம்

பொதிந்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சீட்டு ஒட்டி, சாட்சிகள் கையெழுத்து வாங்கி, அரக்கு முத்திரை வைப்பார்கள். முத்திரையின் மாதிரி ஒன்று தனியாகப் போகும். இப்படிக் கைப்பற்றிய பொருளை வழக்குச் சொத்து என்போம். அது நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்) கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வக வரவேற்பில் முதல் வேலை, பொட்டலத்தின் முத்திரையை மாதிரியோடு ஒப்பிடுவது. உடைந்திருந்தால் குறித்துவிடுவார்கள்.

எந்தத் தேதியில் எடுத்தார்கள், எந்தத் தேதியில் நீதிமன்றத்தில் கொடுத்தார்கள், எந்தத் தேதியில் ஆய்வகம் வாங்கியது, இடையில் யார் பொறுப்பில் இருந்தது என்று இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குடும்பத்துக்கு என் யோசனை: ஒரு சின்ன நோட்டு வாங்கி இந்தத் தேதிகளை மட்டும் எழுதி வையுங்கள்.

அனுப்பும் கடிதத்தில் விசாரணை அதிகாரி எழுதும் கேள்விகள் ரொம்ப முக்கியம். ஆய்வகம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். “விஷம் உள்ளதா?” என்று மட்டும் கேட்டால் விஷம் பற்றித்தான் எழுதுவார்கள். “இறந்தவர் உயிரோடு நீரில் மூழ்கினாரா?” என்று கேட்கவில்லை என்றால், அதற்கான எலும்பை எடுக்காமலேகூட விட்டுவிடுவார்கள். எரித்தோ புதைத்தோ முடிந்த பிறகு அந்தக் கேள்வியை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்துக்குச் சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனைக்கு முன்பே அதை எழுதிக் கொடுங்கள்.

படி 4: ஆய்வகத்துக்குள்

எல்லாப் பிரிவையும் சொல்லிக்கொண்டு போனால் பாடப்புத்தகம் ஆகிவிடும். நம் கரையில் அடிக்கடி வரும் சிலதை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

படகில் ரத்தம். இரண்டு பேர் கடலுக்குப் போய் ஒருவர் மட்டும் திரும்புகிறார். படகின் அடித்தளத்தில் சிவப்பாகக் கறை. ஆய்வாளர் முதலில் பினால்ப்தலீன் கலந்த மருந்தைச் சொட்டு விடுவார், மேலே ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் இளஞ்சிவப்பு நிறம் பூக்கும். ரத்தமாக இருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. ஆனால் மீன்பிடி படகில் ரத்தம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மீன் ரத்தத்திலும் ஹீமோகுளோபின் இருக்கிறது, அதுவும் அதே நிறத்தைத்தான் காட்டும். அதனால் அடுத்தது, இது மனித ரத்தமா என்ற சோதனை. மனித ரத்தப் புரதத்தோடு மட்டும் வினைபுரியும் எதிர்ப்பொருளைக் கறையின் சாற்றோடு சேர்ப்பார்கள். மனித ரத்தம் என்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு படியும். சூறை, சாளை மீன்களின் ரத்தம் அந்தக் கோட்டை உண்டாக்காது. மனித ரத்தம் என்று தெரிந்த பிறகுதான் ரத்தப் பிரிவு, டி.என்.ஏ. எல்லாம். “படகில் ரத்தம் இருப்பது உறுதி” என்று முதல் சோதனையை வைத்தே செய்தி பரவி, அப்பாவி ஒருவரை ஊரே ஒதுக்கி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு வந்த அறிக்கை, மனித ரத்தம் இல்லை என்றது. அவரிடம் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுப் படியேறியவர்கள் மிகச் சிலர்.

நீரில் மூழ்கியதா, நீரில் போட்டதா. கடல்நீரிலும் குளத்து நீரிலும் டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் இருக்கின்றன. அவற்றின் ஓடு சிலிக்காவால் ஆனது, கண்ணாடி மாதிரி. உயிரோடு ஒருவர் மூழ்கும்போது தண்ணீர் நுரையீரலுக்குள் போகிறது, இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருப்பதால் ரத்தத்தோடு இந்த டயாட்டம்கள் எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேர்கின்றன. இறந்த பின் நீரில் போட்ட உடலில் ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் மஜ்ஜைக்கு அவை போவது அரிது. மார்பெலும்பிலோ தொடை எலும்பிலோ இருந்து எடுத்த மஜ்ஜையை ஆய்வகத்தில் வீரியமான அமிலத்தில் கரைப்பார்கள். சதையும் கொழுப்பும் கரைந்து போகும், சிலிக்கா ஓடு மட்டும் கரையாமல் அடியில் தங்கும். நுண்ணோக்கியில் வைத்தால் படகு வடிவிலும் சக்கர வடிவிலும் செதுக்கியது போலத் தெரியும்.

சம்பவ இடத்துத் தண்ணீரோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும். கடல் டயாட்டமும் ஊருணி, கண்மாய் டயாட்டமும் வேறு வேறு வகை. உடல் கிடந்தது கடலில், மஜ்ஜையில் இருப்பது நன்னீர் வகை என்றால் விசாரணை திரும்ப வேண்டிய திசை வேறு. இதற்காகத்தான் உடல் கிடந்த இடத்திலிருந்து சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்கிறேன். பல வழக்குகளில் இதை மறந்துவிடுகிறார்கள். எலும்பைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குழாய்நீர் டயாட்டம் ஒட்டிக்கொள்ளும், அதுவும் கூடாது. இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டயாட்டம் கிடைக்கவில்லை என்பதாலேயே மூழ்கவில்லை என்று சொல்ல முடியாது. மருத்துவர் நுரையீரலில் கண்டதோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

யார் இவர். நாலைந்து நாள் கடலில் கிடந்த உடலில் முகம் அடையாளம் தெரியாது. நண்டும் மீனும் கடித்த காயத்தைப் பார்த்து வெட்டுக்காயம் என்று கூட்டம் பேசும். இறந்த பின் ஏற்பட்ட கடி எது என்று மருத்துவர் பிரித்துச் சொல்வார். கை விரல் தோல் ஊறி உறை மாதிரிக் கழன்று வந்தாலும், அந்தத் தோலிலிருந்தே ரேகை எடுக்க முடியும், அதைத் தூக்கி எறியக் கூடாது. அதுவும் இல்லை என்றால் பல், தொடை எலும்பு. அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தத்தோடு ஒப்பிடுவார்கள். பெற்றோர் இல்லை என்றால் ஒரே தாய் வயிற்று உடன்பிறப்புகள் உதவலாம், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே வருவதால். மண்டை ஓடு மட்டும் கிடைத்தால் உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படத்தோடு பொருத்திப் பார்க்கும் முறையும் உண்டு. சென்னை ஆய்வகம் இதில் பெயர் பெற்றது. பல் தெரியச் சிரித்த படம் வீட்டில் இருந்தால் அதைக் கொடுங்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன பிறகு ஒதுங்கியவர்களில் யார் யார் என்று கடைசி வரை தெரியாமலே போனவர்கள் பலர். அன்றைக்கு டி.என்.ஏ. சோதனை கிடையாது. இன்று அந்த நிலை வரத் தேவையில்லை. உடல் அடையாளம் தெரியாவிட்டால், ஒருவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்க 7 ஆண்டு ஆகும். அதுவரை காப்பீடு, வாரிசுச் சான்று, படகுக் கடன் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டால் “அவன் வந்துருவான்” என்று மறுக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. வாசலில் உட்கார்ந்து இந்த 7 ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிட்டு வருவேன்.

கடல் அட்டை. 2001-ல் கடல் அட்டைகளை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வேகவைத்து, உலர்த்தி, சாக்கில் கட்டிய பிறகு அது கருகிய கட்டை மாதிரி இருக்கும். எந்த இனம் என்று கண்ணால் சொல்வது கஷ்டம். ஆய்வாளர் தோலில் ஒரு சிறு துண்டு வெட்டி, வெளுப்புக் கரைசலில் போடுவார். சில நிமிடத்தில் சதை கரைந்து அடியில் வெள்ளைத் தூள் மாதிரி ஏதோ படியும். கழுவி நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துண்டுகள், சில பொத்தான் மாதிரித் துளைகளோடு, சில மேசை மாதிரிக் கால்களோடு. இனத்துக்கு இனம் இந்த வடிவம் மாறும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் இது அழிவதில்லை. இதோடு டி.என்.ஏ. சோதனையும் செய்யலாம். கடல் உயிர்களை இனம் காணும் அறிவு நம் ஊரில் புதிதில்லை. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போகும் வரை மண்டபத்தில்தான் இருந்தது, அதன் மையம் இன்றும் அங்கே இயங்குகிறது. வலையில் தவறி வந்த அட்டையை உயிரோடு கடலிலேயே விட்டுவிடுங்கள். கரைக்குக் கொண்டுவந்த பிறகு “தெரியாமல் வந்தது” என்பதை நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

கஞ்சா. பிடிபட்டதிலிருந்து மாதிரி எடுப்பது நடுவர் முன்னிலையில் நடக்க வேண்டும். 2022-ம் ஆண்டு விதிகளின்படி கஞ்சாவுக்கு மாதிரி ஒவ்வொன்றும் 24 கிராம், இரட்டையாக. ஆய்வகம் நுண்ணோக்கியில் இலையின் ரோமங்களைப் பார்க்கும், நிறச் சோதனை செய்யும், கருவியில் வேதிப்பொருளை உறுதி செய்யும். சட்டப்படி கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனி சேராத விதையும் இலையும் அதில் அடங்காது. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு சிறை. ஆகவே எடை போட்டதில் எவ்வளவு தண்டு, எவ்வளவு நுனி என்ற கேள்வி ஒரு மனிதனின் பத்து வருடத்தைத் தீர்மானிக்கலாம். ஆய்வக அறிக்கையைப் பார்க்காமல் இந்த வழக்கில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

துப்பாக்கிக் குண்டு. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இரண்டு மீனவர்கள் சுடப்பட்டு இறந்தபோது, சுட்டவர்கள் இருந்த கப்பலில் கைப்பற்றிய துப்பாக்கிகளைத் திருவனந்தபுரம் ஆய்வகம் சோதித்தது. துப்பாக்கிக் குழலின் உட்புறம் குண்டின் மேல் நுண்ணிய கீறல்களைப் பதிக்கும். சோதனைக் குண்டையும் கிடைத்த குண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். படகுப் பலகையில் குண்டு பதிந்திருந்தால் கத்தியால் குடைந்து எடுக்காதீர்கள். கத்தியின் கீறல் அந்தக் கீறல்கள் மேல் விழுந்துவிடும். பலகையோடு அறுத்து எடுப்பதுதான் முறை. துளை எந்தக் கோணத்தில் போகிறது என்பதும் அப்போதுதான் மிஞ்சும்.

போனும் ஜி.பி.எஸ். கருவியும். படகில் இருக்கும் ஜி.பி.எஸ். பெட்டி போன வழியையும் குறித்த இடங்களையும் வைத்திருக்கும். எல்லை தாண்டியதா இல்லையா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கிடைத்த கருவியை ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், உப்பு அப்படியே உள்ளே தங்கி அரித்துவிடும். சீக்கிரம் ஒப்படையுங்கள். ஆய்வகம் தகவலை நகலெடுத்து, அந்த நகலுக்கு ஹாஷ் மதிப்பு என்ற எண்ணைக் கணக்கிடும். பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழில் இந்த எண்ணும் இருக்க வேண்டும். இல்லாமல் வரும் சி.டி.யும் பென்டிரைவும் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

ஈரப் படகில் ரேகைப் பொடி ஒட்டாது, அதற்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த திரவத்தைத் தெளித்து ரேகை எடுக்கும் வழி உண்டு. “ஈரமா இருக்கு, ரேகை கிடைக்காது” என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டலாம்.

படி 5: அறிக்கையைப் படிப்பது

அறிக்கை வந்ததும் எல்லோரும் கடைசி வரிக்குப் போகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மேலே உள்ள பட்டியலை: எத்தனை பொட்டலம், முத்திரை சரியாக இருந்ததா, எந்தத் தேதியில் வந்தது. பிறகு சோதனை முறை. அப்புறம்தான் முடிவு.

“கண்டறியப்படவில்லை” என்றால் இல்லவே இல்லை என்று பொருள் கிடையாது. தேடிய பட்டியலில், அந்த முறையில், அந்த மாதிரியில் கிடைக்கவில்லை என்பதுதான். “முடிவு கூற இயலவில்லை” என்பது இன்னும் வேறு, அது யாருக்கும் சாதகம் இல்லை. யார் கொன்றார் என்று எந்த அறிக்கையும் சொல்லாது. இந்தக் கறை இந்த மனிதருடையது என்பதோடு ஆய்வகத்தின் வேலை முடிகிறது. அந்தக் கறை அங்கே எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியது விசாரணையும் சாட்சியும்.

அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை அவரை நேரில் விசாரிக்காமலே சாட்சியமாக ஏற்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-வது பிரிவு இடம் தருகிறது. தேவை என்றால் நீதிமன்றம் அவரை அழைக்கலாம். அறிக்கையில் புரியாத இடம் இருந்தால் அவரை அழைக்கச் சொல்லி மனுப் போடத் தயங்காதீர்கள். ஆய்வாளர்களில் பலர் கூண்டில் நின்று பொறுமையாக விளக்குவார்கள். நான் கற்றதில் பாதி அவர்களிடமிருந்துதான்.

படி 6: குடும்பம் கேட்க வேண்டியது

முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கும். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 193-வது பிரிவு சொல்கிறது. அப்போது “ஆய்வகத்துக்கு எது எது போயிருக்கிறது, எந்த எண்ணில்?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பீடு கோரும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு ரசாயனப் பகுப்பாய்வு அறிக்கையையும் கேட்பார்கள், இரண்டையும் வாங்கி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அடையாளம் காண எடுத்த எலும்பு, சோதனை முடிந்து திரும்பி வந்த பிறகு வழக்குச் சொத்தாக எங்கேயோ இருக்கும். யாரும் கேட்காவிட்டால் அங்கேயே இருக்கும். வழக்குக்கு இனித் தேவையில்லை என்றால் குடும்பம் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதைக் கேட்கலாம். தீவில் ஒரு அம்மாவுக்காக அப்படி ஒரு மனுப் போட்டேன். அவர் மகனின் தொடை எலும்புத் துண்டு ஒரு சிறிய மண்கலயத்தில், அரக்கு முத்திரை உடைத்த அடையாளத்தோடு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, முந்தானையில் பொதிந்து, ராமேஸ்வரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மறுநாள் காலை பூசைக்குப் பிறகு, மகனை ஏற்கனவே அடக்கம் செய்த கல்லறையிலேயே அதையும் வைத்தார்கள்.